பேச்சுத்துணை இல்லாமல் போனால் உடம்புக்கு என்ன ஆகிறது?

2025 ஜூன் 30 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் சமூகத் தொடர்புக்கான ஆணையம் தன் அறிக்கையை வெளியிட்டது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையுணர்வால் அவதிப்படுகிறார், அதனோடு தொடர்புடைய இறப்புகள் ஆண்டுக்கு 8,71,000, அதாவது மணிக்குச் சுமார் 100 என்று அதில் இருந்தது. செய்தித் தலைப்புகளில் அந்த 100 மட்டும் தனியே வந்தது. படித்த பலருக்கு அது விளங்கவில்லை. எந்த மருத்துவரும் இறப்புச் சான்றிதழில் 'தனிமை' என்று எழுதுவதில்லை. அதோடு, விடிந்தால் குடும்பக் குரூப்பில் பூப்போட்ட காலை வணக்கங்கள் வரிசையாக வந்து விழுகிற காலம் இது. பேச்சுக்கு என்ன பஞ்சம் என்றும் கேட்கத் தோன்றுகிறது.

இரண்டும் நியாயமான கேள்விகள்தான். காற்றில் போகிற பேச்சு எப்படி இரத்த அழுத்தத்தையும் தூக்கத்தையும் ஆயுளையும் தொடும்? இவ்வளவு செய்திகள் பறக்கும்போது மனம் ஏன் காய்ந்து கிடக்கிறது? கடந்த ஐம்பது ஆண்டு ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே இடத்தில் விடை கிடைக்கிறது. எவ்வளவு பேசினோம் என்பதைவிட, பேசியதற்கு எதிராளியிடமிருந்து என்ன திரும்பி வந்தது என்பதற்குத்தான் எடை அதிகம்.

முதலில் சில சொற்கள்

இந்தத் துறையில் மூன்று விஷயங்களைத் தனித்தனியாக அளக்கிறார்கள். செய்திகளில் மூன்றும் கலந்துவிடுவதால்தான் பாதிக் குழப்பம்.

1. தொடர்பின்மை. இதை வெளியிலிருந்து எண்ணிவிடலாம். ஒருவர் யாரோடு வசிக்கிறார், வாரத்தில் எத்தனை பேரைப் பார்க்கிறார், எந்தச் சங்கத்தில், கோயில் குழுவில், நடைப்பயிற்சிக் கூட்டத்தில் இருக்கிறார் என்பது கணக்கு.

2. தனிமையுணர்வு. இது உள்ளே இருப்பது. ஒருவர் விரும்பும் உறவுக்கும் அவருக்குக் கிடைத்திருக்கும் உறவுக்கும் உள்ள இடைவெளி. இதை அளக்க மூன்றே கேள்விகள் கொண்ட ஒரு முறை பெரிய ஆய்வுகளில் பயன்படுகிறது: பேச்சுத்துணை இல்லையே என்று எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது? ஒதுக்கிவிட்டார்கள் என்று? மற்றவர்களிடமிருந்து தனித்துப் போய்விட்டோம் என்று? ஒவ்வொன்றுக்கும் அரிதாக, சில நேரம், அடிக்கடி என மூன்று விடைகள்.

3. ஆதரவு. கஷ்டம் வந்தால் கைகொடுக்க ஆள் உண்டு என்ற நம்பிக்கை. உண்மையில் உதவி கேட்டோமா என்பது வேறு கணக்கு.

முதல் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிப் போக வேண்டியதில்லை. இதற்கு ஒரு நல்ல சான்று அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் வாழும் ஹட்டரைட் சமூகத்தில் கிடைத்தது. அவர்கள் கூட்டுப் பண்ணைகளில் வாழ்கிறார்கள். சொத்து பொது, சாப்பாடு பொது, வேலையும் சேர்ந்தே. அங்கே 95 பேரின் தூக்கத்தைக் கையில் கட்டிய கருவியால் அளந்து 2011-இல் வெளியான ஆய்வில், தனிமையுணர்வு கூடியவர்களுக்குத் தூக்கம் அதிகமாகத் துண்டுபட்டிருந்தது. எந்நேரமும் ஊர் சூழ இருக்கும் இடத்தில்கூட அப்படி. அதேபோல, தனியாக ஒரு வீட்டில் இருந்துகொண்டு, தினமும் மாலையில் அண்டை வீட்டுத் திண்ணையில் அரை மணி நேரம் பேசிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற பாட்டிகளும் உண்டு. இவர்கள் முதல் கணக்கில் மாட்டுவார்கள், இரண்டாவதில் மாட்ட மாட்டார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தனிமை என்பது பணக்கார நாடுகளின் வியாதி, நமக்குக் கூட்டுக் குடும்பம் இருக்கிறது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. மேலே சொன்ன அறிக்கை நேர்மாறாகச் சொல்கிறது. குறைந்த வருமான நாடுகளில் சுமார் 24 சதவீதம் பேர் தனிமையுணர்வைச் சொன்னார்கள். அதிக வருமான நாடுகளில் அது 11 சதவீதம்தான். வேலை தேடி ஊரைவிட்டுப் போவதும், வீட்டில் பத்துப் பேர் இருந்தும் வாய்திறக்க முடியாத நிலையும், வறுமையை மறைக்க விசேஷங்களுக்கே போகாமல் இருப்பதும் எப்படிப்பட்டவை என்று தெரிந்தவர்களுக்கு இந்த எண்கள் அவ்வளவு ஆச்சரியம் தராது.

மணிக்கு 100 என்பது எப்படி வருகிறது

இதுபோன்ற எண்கள் பிணங்களை எண்ணி வருவதில்லை. உறவு குறைந்தவர்களையும் நிறைந்தவர்களையும் பல ஆண்டுகள் பின்தொடர்கிறார்கள். வயது, நோய், புகைப்பழக்கம் போன்றவற்றின் பங்கைக் கழித்த பிறகும் இறப்பு விகிதத்தில் எவ்வளவு வித்தியாசம் மிஞ்சுகிறது என்று பார்க்கிறார்கள். பிறகு, எத்தனை பேர் அந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதோடு சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். புகையிலையாலும் காற்று மாசாலும் இத்தனை இறப்புகள் என்று சொல்வதும் இதே வழியில்தான்.

இந்த வகைப் பின்தொடர்தல்களில் அதிகம் எடுத்துக்காட்டப்படுவது ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் என்ற உளவியலாளர் 2010-இல் குழுவாக வெளியிட்ட தொகுப்பாய்வு. 148 ஆய்வுகள், 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், சராசரியாக ஏழரை ஆண்டுப் பின்தொடர்தல். வலுவான உறவுகள் உள்ளவர்கள் அந்தக் காலம் முடியும்போது உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகமாக இருந்தது.

சரி, நோய்வாய்ப்பட்டவர்தானே வெளியே போக முடியாமல் ஒதுங்குகிறார், காரணமும் விளைவும் இடம் மாறிவிட்டதோ என்று கேட்கலாம். ஓரளவு அது உண்மை. ஆய்வாளர்களும் அதை மறுப்பதில்லை. தொடக்கத்தில் இருந்த உடல்நிலையைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் உறவுக் குறைவுக்கும் இறப்புக்கும் உள்ள தொடர்பு முழுதாக மறையவில்லை என்பதே அவர்கள் வாதம். அந்த 100 என்ற எண்ணை அச்சாணி போலப் பிடித்துக்கொள்ள வேண்டாம். அது ஒரு மதிப்பீடு. ஆனால் அது காட்டும் திசை பல நாடுகளில், பல முறைகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது.

காதில் விழுவது உடம்பில் எப்படி இறங்குகிறது

நம் உடம்பில் ஓர் எச்சரிக்கை ஏற்பாடு இருக்கிறது. ஆபத்து என்று மூளை முடிவு செய்தால் அட்ரினலின், கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன்கள் இரத்தத்தில் ஏறும். இதயம் வேகமெடுக்கும், செரிமானம் பின்னுக்குப் போகும், தூக்கம் மெலிதாகும். நாயோ பாம்போ எதிரே வந்தால் இது உயிரைக் காக்கும். மாதக்கணக்கில் அணையாமல் எரிந்தால் உடம்பையே தின்னும்.

துணை என்பது இந்த ஏற்பாட்டுக்கு ஒரு கட்டுப்பாட்டுத் தகவல். ஜேம்ஸ் கோன் குழு 2006-இல் வெளியிட்ட சோதனையில், மணமான 16 பெண்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, கணுக்காலில் சின்ன மின்அதிர்ச்சி வரலாம் என்று எச்சரித்தார்கள். தனியாக இருந்தபோது மூளையின் அச்சப் பகுதிகள் நன்றாகவே எழுந்தன. முன்பின் தெரியாத ஒருவரின் கையைப் பிடித்திருந்தபோது கொஞ்சம் அடங்கின. கணவரின் கையைப் பிடித்திருந்தபோது இன்னும் அடங்கின. அதிலும், மணவாழ்க்கை நன்றாக இருப்பதாகச் சொன்னவர்களிடம் அடக்கம் கூடுதல். மின்அதிர்ச்சி மாறவில்லை. தனியாகச் சந்திக்கிறோமா, ஆளோடு சந்திக்கிறோமா என்ற கணக்குத்தான் மாறியது.

எனவே துணை இல்லை என்று மூளை எடுத்துக்கொண்டால் எச்சரிக்கை ஏற்பாடு உயர்ந்த நிலையிலேயே நிற்கும். தனிமையுணர்வை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த ஜான் காசியோப்போவின் விளக்கம் இதுதான். கூட்டத்தை விட்டுப் பிரிந்த விலங்கு ஒரு கண்ணைத் திறந்து வைத்துத்தான் தூங்கும். ஹட்டரைட் பண்ணைகளில் தெரிந்த துண்டுபட்ட தூக்கத்துக்கும் இது பொருந்துகிறது. 2007-இல் அவரும் ஸ்டீவ் கோலும் சேர்ந்து வெளியிட்ட சிறிய ஆய்வில், நெடுநாள் தனிமையுணர்வு உள்ளவர்களின் வெள்ளணுக்களில் அழற்சியைத் தூண்டும் மரபணுக்கள் கூடுதலாக வேலை செய்வது தெரிந்தது. இதயநோய், நீரிழிவு என்று சான்றிதழில் எழுதப்படும் பெயர்களுக்குத் தனிமை போய்ச் சேரும் வழி இதுவாக இருக்கலாம்.

இதில் கொடுமை என்னவென்றால், விழிப்பிலேயே இருக்கும் மனம் மற்றவர் முகத்திலும் ஆபத்தையே தேடும். பக்கத்து வீட்டு அக்கா ஏதோ யோசனையில் தலையசைக்காமல் போனால், 'என்னைப் பார்த்தும் பாராமல் போகிறாள்' என்று எடுத்துக்கொள்ளும். பிறகு இவரும் பேச்சைக் குறைப்பார். தனிமை தனக்குத்தானே வேலி போட்டுக்கொள்வது இப்படித்தான். 'நாலு பேரோடு பழகினால் சரியாகிவிடும்' என்ற அறிவுரை பலருக்குப் பலிக்காமல் போவதற்கும் இதுவே காரணம்.

குறைந்த நேரத் தனிமைக்குக்கூட மூளை பதில் சொல்கிறது. 2020-இல் லிவியா டோமோவா குழு 40 பேரை ஒரு நாள் பத்து மணி நேரம் யாரோடும் பேசாமல் இருக்கச் செய்தது, இன்னொரு நாள் பத்து மணி நேரம் பட்டினி போட்டது. பேசாமல் இருந்த பிறகு, மனிதர்கள் கூடிச் சிரிக்கும் படங்களைக் கண்டதும் நடுமூளையில் எழுந்த ஏக்கம், பசித்தவர்களுக்கு உணவுப் படங்களைக் கண்டதும் எழுந்ததைப் போலவே இருந்தது.

குரலுக்கு என்ன தனி மதிப்பு

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி செல்ட்சர் குழு செய்த இரண்டு ஆய்வுகளை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏழு முதல் பன்னிரண்டு வயதுச் சிறுமிகளைத் தெரியாதவர்கள் முன் பேசவும் கணக்குப் போடவும் சொன்னார்கள். கார்டிசால் ஏறியது. பிறகு அம்மாவோடு தொடர்பு. நேரில் வந்து அணைத்த அம்மா ஒரு குழுவுக்கு, தொலைபேசியில் பேசிய அம்மா இன்னொரு குழுவுக்கு. இரண்டு குழுக்களிலும் கார்டிசால் இறங்கி, நெருக்கத்தோடு தொடர்புடைய ஆக்ஸிடோசின் உயர்ந்தது. தொலைபேசிக் குரல் அணைப்புக்குக் கிட்டத்தட்ட ஈடாக நின்றது. இது 2010-இல். 2012-இல் வந்த அடுத்த ஆய்வில், அம்மா கணினியில் தட்டச்சு செய்து ஆறுதல் அனுப்பிய குழுவையும் சேர்த்தார்கள். அந்தச் சிறுமிகளின் ஹார்மோன் நிலை அம்மாவையே தொடர்புகொள்ளாத சிறுமிகளுடையதைப் போலத்தான் இருந்தது.

சிறுமிகள், அம்மா, உடனடி மன அழுத்தம் என்ற வரம்புக்குள் கிடைத்த முடிவு இது. எல்லா வயதுக்கும் எல்லா உறவுக்கும் நீட்ட முடியாது. காது கேளாதவர்களுக்கும், வாயைத் திறந்து சொல்ல முடியாததை எழுதித்தான் சொல்ல முடியும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கும் எழுத்தே உயிர். இருந்தாலும் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்கலாம். 'சாப்பிட்டாச்சாப்பா?' என்று அப்பா அனுப்பிய வாய்ஸ் மெசேஜுக்குக் கட்டைவிரல் பொம்மை ஒன்றைப் போட்டுவிடுகிறோம். இரண்டு நிமிடம் அழைத்தால் குரல் போய்ச் சேரும்.

அழைக்கத் தயங்குவதற்கும் ஆய்வில் விடை உண்டு. அமித் குமாரும் நிக்கோலஸ் எப்லியும் 2021-இல் வெளியிட்ட சோதனைகளில், பழைய நண்பரைத் தொடர்புகொள்ளச் சொன்னபோது, போனில் பேசினால் சங்கடமாக இருக்கும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். பேசிய பிறகு பார்த்தால் மின்னஞ்சலைவிடச் சங்கடம் கூடவில்லை, நெருக்கம் மட்டும் கூடியிருந்தது.

பதில் வருகிறதா என்பதுதான் கணக்கு

1970-களில் எட்வர்ட் ட்ரோனிக் செய்த சோதனை ஒன்று உண்டு. அம்மா கைக்குழந்தையோடு கொஞ்சிப் பேசுகிறாள். பிறகு சில நிமிடங்களுக்கு முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் குழந்தையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் போடும். ஒன்றும் பலிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அல்லது அழும். அம்மா எங்கும் போகவில்லை, எதிரேதான் இருக்கிறாள். இல்லாமல் போனது பதில் மட்டும்.

பெரியவர்களுக்கும் இதே கதைதான். கதை கேட்கிறவர் 'ம்' கொட்ட வேண்டும் என்பது நம் வீடுகளில் எழுதப்படாத சட்டம். 'ம்' நின்றால் பாட்டி கதையை நிறுத்திவிடுவாள். ஜேனட் பாவெலாஸ் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் 2000-இல் இதைச் சோதனையாகவே செய்து பார்த்தார்கள். ஒருவர் தனக்கு நேர்ந்த ஆபத்தான ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். கேட்பவர்களில் ஒரு பகுதியினருக்கு ரகசியமாக ஒரு வேலை: ஆங்கில 'T' எழுத்தில் தொடங்கும் சொற்களை எண்ண வேண்டும். அப்படி எண்ணியவர்கள், கதை போகிற போக்கில் முகம் சுளிப்பது, 'ஐயோ' என்பது போன்ற பொருத்தமான அசைவுகளைக் காட்டவில்லை. அப்போது சொல்பவரின் கதையே கெட்டுப்போனது. முக்கியமாக முடிவில் தடுமாறினார்கள், சொன்னதையே திரும்பச் சொன்னார்கள், இதில் என்ன பெரிய விஷயம் என்று நியாயப்படுத்தத் தொடங்கினார்கள். கேட்பவர் மனம் இல்லாமல் கேட்டால், சொல்பவருக்குத் தன் அனுபவமே சின்னதாகிவிடுகிறது. சாப்பாட்டு மேசையில் ஒருவர் கண் திரையில் இருக்கும்போது மற்றவர் பேச்சு ஏன் பாதியில் வற்றுகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

கஷ்டத்தைக் கேட்பது மட்டும் போதாது. நல்ல செய்திக்கு எப்படிப் பதில் சொல்கிறோம் என்பதும் உறவின் கனத்தைத் தீர்மானிக்கிறது என்று ஷெல்லி கேபிள் குழு 2004-இல் காட்டியது. பதில்களை அவர்கள் நான்காகப் பிரித்தார்கள். நம் வீட்டு வழக்கில் வைத்துப் பார்ப்போம். மகள் போன் செய்து, "அம்மா, என்னை டீம் லீடர் ஆக்கிட்டாங்கம்மா" என்கிறாள்.

1. "அப்படியாடி! எப்போ சொன்னாங்க? எல்லார் முன்னாடியும் சொன்னாங்களா? உனக்கு எப்படி இருந்துச்சு?"

2. "ரொம்ப நல்லது கண்ணு. சரி, சாப்பிட்டியா?"

3. "அப்போ இனிமே வீட்டுக்கு வர இன்னும் லேட்டாகுமே. குழந்தையை யார் பாத்துப்பா?"

4. "இங்க அப்பாவுக்கு ரெண்டு நாளா முட்டி வலி, டாக்டர்கிட்ட போகணும்."

தம்பதிகளிடம் செய்த அந்த ஆய்வுகளில் முதல் வகைப் பதில் மட்டுமே உறவின் நிறைவோடு சேர்ந்து வந்தது. இரண்டாவதுகூடச் சேரவில்லை. அமெரிக்கத் தம்பதிகளை வைத்துச் செய்த ஆய்வு இது என்பதை மறக்கக் கூடாது. நம் ஊரில் 'சாப்பிட்டியா' என்ற ஒரு சொல்லுக்குள் எவ்வளவு பாசம் அடங்கியிருக்கிறது என்று மகளுக்குத் தெரியும். மூன்றாவது பதிலும் அக்கறையில் பிறந்ததுதான். ஆனாலும் முதல் பதிலில் ஒரு விஷயம் கூடுதலாக இருக்கிறது: மகள் அந்த நிமிடத்தை இன்னொரு முறை வாழ இடம் கிடைக்கிறது. அதற்கு ஆகும் செலவு மூன்று கேள்விகள்.

எல்லாப் பேச்சும் நல்லதல்ல

'மனம்விட்டுப் பேசு, பாரம் குறையும்' என்பது பாதி உண்மை. அமண்டா ரோஸ் 2002-இல் ஒரு வகைப் பேச்சுக்கு அளவுகோல் வகுத்தார். இரண்டு தோழிகள் ஒரே பிரச்சினையை நாள்தோறும் கிளறிக் கிளறிப் பேசுவது, 'அவன் ஏன் அப்படிச் சொன்னான், நாளைக்கு என்ன ஆகும்' என்று சுற்றிச் சுற்றி வருவது. இப்படிப் பேசுகிறவர்களுக்கு நட்பு இறுகுகிறது, மனச்சோர்வும் பதற்றமும்கூடக் கூடுகின்றன. 2007-இல் வந்த தொடர் ஆய்வில் சிறுமிகளிடம் இது தெளிவாகத் தெரிந்தது. பேச்சில் அனுதாபம் இருந்தும் அடுத்த அடி இல்லை என்பதுதான் குறை.

இன்னும் கடுமையான சான்று மனநோய் மருத்துவத்திலிருந்து வருகிறது. மருத்துவமனையில் தேறி வீடு திரும்பிய மனச்சிதைவு நோயாளிகளில் யாருக்கு நோய் மீள்கிறது என்று லண்டனில் ஜார்ஜ் பிரவுன் தேடியபோது, ஓயாத குறைகூறல், வெறுப்பு, மூச்சுமுட்டும் அளவு அக்கறை ஆகியவை நிறைந்த வீடுகளுக்குத் திரும்பியவர்களிடம் நோய் அதிகமாக மீண்டது தெரிந்தது. பின்னர் சண்டிகரில் இதே முறையில் பார்த்தபோது அங்குள்ள குடும்பங்களில் குறைகூறல் லண்டனைவிடக் குறைவாக இருந்தது. நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்து, சலிக்காமல் பேசிப் பார்த்துக்கொள்ளும் அம்மாக்களும் அண்ணன்களும் எவ்வளவு பெரிய வேலையைச் செய்கிறார்கள் என்பதை அந்த எண்கள் சொல்கின்றன. அவர்களுக்கு ஓய்வும் உதவியும் தருவதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

செல்போன்தான் காரணமா

சுருக்கமாகச் சொன்னால், ஓரளவு. 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சமூக வலைத்தளக் கணக்கு கூடாது என்ற சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் ஆஸ்திரேலியாவில் நடைமுறைக்கு வந்த பிறகு இந்த விவாதம் இங்கும் சூடாகியிருக்கிறது. ஆய்வுகள் அவ்வளவு தீர்மானமாக இல்லை. ஏமி ஆர்பனும் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் 3,55,000-க்கும் மேற்பட்ட பதின்வயதினரின் தரவுகளைப் பார்த்தபோது, மனநலத்தில் தெரியும் வேறுபாட்டில் டிஜிட்டல் பயன்பாட்டால் விளக்க முடிந்தது அதிகபட்சம் 0.4 சதவீதம். அது சராசரி. சராசரிக்குள் நலம் பெறுகிறவரும் நொறுங்குகிறவரும் கலந்து கிடப்பார்கள். 2018 அமெரிக்க இடைக்காலத் தேர்தலுக்கு முன் நான்கு வாரம் ஃபேஸ்புக்கை மூடி வைக்கப் பணம் கொடுத்துச் செய்த சோதனையில், மனநிறைவு சிறிதளவு உயர்ந்தது. கிடைத்த நேரத்தில் ஒரு பகுதி குடும்பத்தோடும் நண்பர்களோடும் போனது.

எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில் கொஞ்சம் தெளிவு உண்டு. பிறர் வாழ்க்கையைப் பேசாமல் உருட்டி உருட்டிப் பார்ப்பது மனத்தைச் சுருக்குகிறது, நேரடியாக ஒருவரோடு பேசிக்கொள்வது அவ்வளவு சுருக்குவதில்லை என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. இருநூறு பேர் குரூப்பில் இருந்தும் மனம் காய்வது இதனால்தான். அங்கே அனுப்பப்படும் செய்தி எவருக்கும் குறிப்பாக அனுப்பப்பட்டதல்ல. எனவே எவரும் குறிப்பாகப் பதில் சொல்வதும் இல்லை.

இன்னொரு இழப்பு கண்ணில் படுவதில்லை. பால்காரர், நடத்துநர், ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவர் என்று பெயர்கூடத் தெரியாதவர்களோடு நடக்கும் சில்லறைப் பேச்சு. கில்லியன் சாண்ட்ஸ்ட்ரமும் எலிசபெத் டன்னும் 2014-இல் காட்டியபடி, இப்படிப்பட்ட தூரத்துப் பழக்கங்களோடு அதிகம் பேசிய நாட்களில் மக்கள் கூடுதல் மகிழ்ச்சியாகவும், ஓர் இடத்தைச் சேர்ந்தவர்களாகவும் உணர்ந்தார்கள். ஸ்கேன் செய்து பணம் கட்டி வாய்திறக்காமல் வீடு திரும்பும் வசதி நல்லதுதான். தனியாக வாழும் ஒரு முதியவருக்கு அன்றைய ஒரே பேச்சு அந்தக் கடையில்தான் என்றால், அதன் விலை வேறு.

சென்னையிலும் கொழும்பிலும் நடந்த சோதனை

உறவும் ஆயுளும் சேர்ந்து போவதைத்தான் இதுவரை பார்த்தோம். தொடர்பைத் திட்டமிட்டு உண்டாக்கினால் உயிர் தப்புமா? உலக சுகாதார நிறுவனம் ஐந்து ஊர்களில் இதைச் சோதித்தது: பிரேசிலின் காம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங், இலங்கையின் கொழும்பு, நம் சென்னை. தற்கொலைக்கு முயன்று அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 1,867 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு அதோடு இரண்டு விஷயங்கள் கூடுதல்:

1. மருத்துவமனையிலிருந்து போகும் முன் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்து பேசுவது. தற்கொலை எண்ணம் எப்படி வருகிறது, திரும்ப வந்தால் யாரிடம் போகலாம் என்பது பற்றி.

2. பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ வீட்டுக்குப் போயோ விசாரிப்பது. முதல் ஐந்து முறை முதல் பதினொரு வாரத்துக்குள். பிறகு 4, 6, 12, 18-ஆம் மாதங்களில்.

2008-இல் முடிவு வெளியானது. 18 மாதங்களில் தற்கொலையால் இறந்தவர்கள், வழக்கமான சிகிச்சை பெற்ற பிரிவில் 2.2 சதவீதம், விசாரிக்கப்பட்ட பிரிவில் 0.2 சதவீதம். புதிய மருந்து எதுவும் இல்லை. 'எப்படி இருக்கீங்க, மருந்து சாப்பிடுறீங்களா, வீட்டில் எப்படி' என்று கேட்க ஓர் ஆள் இருந்தார், அவ்வளவுதான். சென்னைப் பகுதியில் இதை நடத்தியவர்களில் ஒருவர் லட்சுமி விஜயகுமார். 1986-இல் சென்னையில் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கியவர் அவர். பின்னர் வேறு இடங்களில் செய்த சோதனைகளில் பலன் இதே அளவில் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மருத்துவ வசதி ஏற்கெனவே நன்றாக இருக்கும் இடத்தில் ஒன்பது விசாரிப்புகள் சின்னக் கூடுதல். ஒன்றுமே இல்லாத இடத்தில் அவையே எல்லாம்.

இதற்கு முன்னோடி சான் பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ 1969-இல் தொடங்கியது. தொடர் சிகிச்சை வேண்டாம் என்று மறுத்துப் போன 843 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு ஐந்து ஆண்டுகளில் 24 சிறு கடிதங்கள். அவற்றில் அறிவுரை கிடையாது, மருத்துவமனைக்கு வாருங்கள் என்ற வற்புறுத்தலும் கிடையாது. நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம், எழுத விரும்பினால் எழுதுங்கள் என்ற அளவில்தான். முதல் இரண்டு ஆண்டுகளில் கடிதம் பெற்றவர்களிடம் தற்கொலை இறப்பு குறைவாக இருந்தது. எழுத்துக்கு வலிமை இல்லை என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்தக் கடிதம் ஒருவருக்காகவே எழுதப்பட்டது.

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது அப்படிப்பட்ட எண்ணம் வந்து போகிறது என்றால், இந்தியாவில் டெலி-மானஸ் 14416, இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926 ஆகியவற்றை எந்நேரமும் அழைக்கலாம். தமிழில் பேசலாம்.

ஹராரேயின் மர பெஞ்சு

சிம்பாப்வேயின் தலைநகரில் 2006-இல் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவரிடம் பணமும் இல்லை, அறையும் இல்லை. நாடு முழுவதற்கும் மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான். முந்தைய ஆண்டு அரசு குடிசைகளை இடித்துத் தள்ளியதில் சுமார் ஏழு லட்சம் பேர் வீட்டையோ பிழைப்பையோ இழந்திருந்தார்கள் என்பது ஐ.நா. மதிப்பீடு. ம்பாரே பகுதியில் சுகாதார வேலை பார்த்துவந்த 14 பாட்டிகள் மட்டும் அவருக்குக் கிடைத்தார்கள். மருத்துவமனை வளாகத்தில் மரத்தடியில் ஒரு பெஞ்சு போட்டார்கள்.

பாட்டிக்குச் சில நாள் பயிற்சி. வருகிறவர் முதலில் எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்கலாம். பிறகு அவற்றில் ஒரே ஒரு பிரச்சினையை அவரே தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு இந்த வாரம் செய்யக்கூடிய ஒரு காரியம் என்ன என்று இருவரும் முடிவு செய்வார்கள். அடுத்த முறை வந்து என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும். தோழிகளின் கிளறல் பேச்சுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கே பளிச்சென்று தெரிகிறது. 24 மருத்துவமனைகளில் 573 பேரை வைத்துச் செய்த சோதனை 2016-இல் வெளியானது. ஆறு மாதம் கழித்து மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தவர்கள், வழக்கமான கவனிப்பு பெற்ற பிரிவில் பாதிப் பேர். பெஞ்சில் உட்கார்ந்த பிரிவில் 14 சதவீதத்துக்கும் குறைவு.

கோவாவிலும் இதற்கு ஒப்பான சான்று உண்டு. மருத்துவப் படிப்பு இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வு உள்ளவர்களோடு பேசி அவர்களை மெல்ல மெல்ல வேலைகளில் ஈடுபடுத்தினார்கள். மூன்று மாதத்தில் 64 சதவீதம் பேர் தேறினார்கள். ஆலோசகர் இல்லாத பிரிவில் 39 சதவீதம்.

இங்கே என்ன செய்யலாம்

தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி மாநிலம் முழுதும் நடக்கிறது. பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீடு தேடி வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். சில முதியவர்களுக்கு அந்த மாதத்தில் வாசலுக்கு வரும் ஒரே வெளி ஆள் அவராக இருக்கலாம். சென்னைச் சோதனையும் கோவாச் சோதனையும் ஹராரேச் சோதனையும் சொல்லும் வேலையைத் தொடங்க ஆள் ஏற்கெனவே வாசலில் நிற்கிறார். வேண்டியவை நான்கு:

1. தனிமையுணர்வை அளக்க மேலே சொன்ன மூன்று கேள்விகளை அழுத்தமானியைக் கழற்றிய கையோடு கேட்கலாம். ஓரிரு நிமிடம் போதும்.

2. 'அடிக்கடி' என்று விடை வரும் வீடுகளுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்க, ஒரு தன்னார்வலருக்கு விடப்படும் வீடுகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். இதைச் செய்யாமல் கேள்வியை மட்டும் படிவத்தில் சேர்த்தால், எண்ணிக்கொண்டே கதை கேட்டவர்களின் நிலைதான் வரும்.

3. கேட்பதற்குப் பயிற்சி வேண்டும். அவசரமாக ஆறுதல் சொல்லாமல் இருப்பது, ஒரு பிரச்சினையை மட்டும் எடுத்துக்கொள்வது, எப்போது மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று தெரிவது. அந்த வேலைக்குத் தனி ஊதியமும் வேண்டும். பெண்கள் செய்யும் அக்கறை வேலையை இலவசமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் இங்கேயும் தொடரக் கூடாது.

4. தற்கொலைக்கு முயன்று அரசு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகிற ஒவ்வொருவருக்கும் அந்த ஒன்பது தேதிகள் குறிக்கப்பட வேண்டும். எந்தத் தேதியில் யார் அழைப்பார் என்று பெயரோடு. முதல் அழைப்பு ஒரு வாரத்துக்குள் போயாக வேண்டும்.